குழந்தை முதலில் சாப்பிடுவது எந்த வீட்டுக் குழம்பு?

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, கலவை சாதம் போட்டு, முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம் பக்கத்தில் இன்றும் பல குடும்பங்களில் நடக்கிறது. ஐந்தாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறலாம், ஏழுதான் அதிகம். காரணங்கள் தெரிந்தவை. பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், அம்மா கைச்சமையல் வேண்டும், கூச்சமில்லாமல் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். எல்லாம் தாயை வைத்துச் சொல்லப்படுபவை. அதே நாளில் வயிற்றுப் பிள்ளையும் வீடு மாறுகிறது என்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

நான் திருச்சியிலுள்ள புகுந்த வீட்டிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வீட்டுச் சமையலும் வேறு. அத்தை கையில் பூண்டு என்பது ரசத்துக்குத் தட்டிப்போடும் இரண்டு பல். அம்மா உளுந்தம்பருப்புச் சோறு வைத்தால் அதில் ஒரு முழுப் பூண்டு, ஒரு பிடி தேங்காய், கொஞ்சம் வெந்தயம், பக்கத்தில் எள்ளுத் துவையல். வந்த அன்று இதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது உள்ளே இருப்பவர் உதைத்த உதையைப் பார்த்து, “பிடிச்சிருக்கு போல, இன்னும் கேக்குது” என்றாள் அம்மா. வயிறு நிறைந்து தாய் ஓய்ந்து படுத்ததும் பிள்ளையின் அசைவு தெளிவாகத் தெரிவது வழக்கம்தான்; அதை ருசிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பூண்டு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், சேர்ந்தது. அதற்குச் சான்று உண்டு.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மோனெல் என்ற ஆய்வு மையம் இருக்கிறது. சுவையும் மணமும்தான் அங்கே முழுநேர வேலை. அங்குள்ள ஜூலி மெனெல்லா 1995இல் செய்த சோதனை மிக எளிமையானது. மருத்துவக் காரணத்துக்காகப் பனிக்குட நீரை ஊசியால் எடுக்க வேண்டியிருந்த கர்ப்பிணிகள் 10 பேர். அதில் சிலருக்கு, நீர் எடுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, பூண்டு எண்ணெய் அடைத்த கேப்சூல். மற்றவர்களுக்கு வெறும் கேப்சூல். பிறகு அந்த நீரை மூடிய குப்பிகளில் வைத்து, யாருடையது எது என்று தெரியாத சிலரை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். ஐந்து ஜோடிக் குப்பிகளில் நான்கில், பூண்டு சாப்பிட்ட தாயின் நீரில்தான் வாசம் தூக்கல் என்று அவர்கள் சரியாகச் சொன்னார்கள். கருவியே வேண்டியிருக்கவில்லை, மனித மூக்கு போதுமானதாக இருந்தது.

பூண்டின் கந்தகச் சேர்மங்கள், சோம்பின் மணம் போன்ற சின்ன மூலக்கூறுகள் குடலிலிருந்து தாயின் ரத்தத்துக்கும், அங்கிருந்து பனிக்குட நீருக்கும் சென்றுவிடுகின்றன. பிள்ளை அந்த நீரில் மிதப்பதோடு நிற்பதில்லை, குடிக்கிறது. நிறைமாதத்தை நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் விழுங்குகிறது. நாக்கின் சுவை மொட்டுகள் நாலாம் மாத வாக்கிலேயே உருவாகிவிடும். நாசித் துவாரங்களை அடைத்திருக்கும் திசு ஆறாம் மாதத்துக்குள் விலகி, நீர் மூக்கின் உள்ளேயும் போய்வரத் தொடங்கும். ஆக, ஏழாம் மாதத்தில் ருசி, மணம் இரண்டுமே வேலை செய்யத் தயார். பெண்ணை அழைத்துப்போகும் நேரமும் அதுதான்.

வெந்தயத்துக்கு இன்னும் வேடிக்கையான சான்று இருக்கிறது. சில பச்சிளங்குழந்தைகளின் உடம்பிலும் சிறுநீரிலும் பாகு காய்ச்சிய வாசம் வந்ததைப் பார்த்து மருத்துவர்கள் பதறியிருக்கிறார்கள். அப்படியொரு வாசம் வரும் பிறவி நோய் ஒன்று உண்டு. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பரிசோதித்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. விசாரித்ததில், பிரசவத்துக்கு முன் தாய் வெந்தயம் சாப்பிட்டிருந்தாள். வெந்தயத்தின் மணப்பொருளான சொட்டலோன் தாய் வழியாகப் பிள்ளைக்குள் போய், பிறந்த பிறகு வெளியே வந்திருக்கிறது. இஸ்ரேல் மருத்துவர்கள் 2001இல் இதை எழுதி, சந்தேகப்படும் முன் தாய் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள் என்றார்கள். வெந்தயக் களி கிண்டும் எந்த ஆச்சியைக் கேட்டாலும், வேர்வையில் வெந்தயம் மணக்கும் என்று அவளும் சொல்லியிருப்பாள்.

மணம் உள்ளே போவது சரி, அதைப் பிள்ளை நினைவில் வைத்துக்கொள்கிறதா? பிரான்சின் அல்சாஸ் பகுதியில் சோம்பு போட்ட மிட்டாய், பிஸ்கட், பானம் எல்லாம் சகஜம். பெனுவா ஷால் குழுவினர் 2000இல் அங்கே பார்த்தது: கடைசி நாட்களில் சோம்பு சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே சோம்பு வாசத்தின் பக்கம் தலையைத் திருப்பி வாயைக் குவித்தன. சாப்பிடாத தாய்மாரின் குழந்தைகள் முகத்தைச் சுளித்தன அல்லது கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டு மெனெல்லா கேரட் சாற்றை வைத்துச் செய்த ஆய்வில் இது மாதக்கணக்கில் நீடிப்பது தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களுக்குள் மூன்று வாரம் கேரட் சாறு குடித்தவர்களின் குழந்தைகள், திட உணவு ஆரம்பித்தபோது வெறும் கஞ்சியைவிடக் கேரட் கலந்த கஞ்சிக்குக் குறைவாகவே முகம் சுளித்தன. 2022இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினர் பிறக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. சுமார் 100 கர்ப்பிணிகளுக்குக் கேரட் பொடி அல்லது கேல் என்ற கசப்புக் கீரைப் பொடி அடைத்த கேப்சூலைக் கொடுத்து, 20 நிமிடம் கழித்து ஸ்கேனில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். கேரட்டுக்கு உதடு விரிந்து சிரிப்பது போன்ற முகம், கீரைக்கு அழுவது போன்ற முகம் அதிகம் தெரிந்தது. கேப்சூலாகக் கொடுத்ததால் தாய்க்கு ருசியே தெரியாது. அவள் முகம் சுளித்தது உள்ளே போய்விட்டது என்று சொல்ல வழியில்லை.

இதை வைத்துக்கொண்டு, கர்ப்பத்தில் பாகற்காய் சாப்பிட்டால் பிள்ளை பிற்காலத்தில் பாகற்காய் பிரியனாகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். இவையெல்லாம் சிறிய ஆய்வுகள். அவை காட்டுவது ஒரு பரிச்சயத்தை. முதல் வாய்க்குத் தயக்கம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பரிச்சயம் எந்தச் சமையலறையோடு ஏற்படுகிறது என்று யோசித்தால், நம் வழக்கம் அதை அம்மாவழிப் பாட்டியின் கைக்குக் கொடுத்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகும் மூன்று மாதம் அதே வீடு, அதே பத்தியச் சாப்பாடு, அதே பூண்டு. பூண்டு சாப்பிட்ட தாயின் பாலில் இரண்டு மணி நேரத்தில் அந்த வாசம் உச்சத்துக்குப் போகிறது என்பதையும், அப்போது குழந்தைகள் மார்பில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் இருந்தன என்பதையும் மெனெல்லா 1991லேயே காட்டியிருந்தார். பேரப்பிள்ளை அத்தையின் சாம்பாரைச் சந்திக்கும்போது அதற்கு ஒரு சமையல் ஏற்கெனவே பழகியிருக்கும். இதை அத்தையிடம் நான் சொல்லப்போவதில்லை.

சொல்ல வேண்டிய வேறொன்று இருக்கிறது. முதல் மூன்று மாதம் நான் அவர் சமையலறைப் பக்கமே போகவில்லை. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் போதும், வாசல் பக்கம் ஓடுவேன். பெருங்காயத்தை மூடிய டப்பாவோடு பரணில் ஏற்றச் சொன்னேன். அவருக்குள் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்திருக்கும். அவர் சமையலைக் குறை சொன்னதாகவே பட்டிருக்கும். மசக்கை வந்த பெண்ணைப் பார்த்து, ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லும் ஆட்கள் வீட்டிலும் உண்டு, ஒரு காலத்தில் மருத்துவத்திலும் இருந்தார்கள்.

காரணம் மனசில் இல்லை. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனில் இருக்கிறது. எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதான். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி இதை ஏராளமாகச் சுரந்து தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது மூளைத் தண்டில், குமட்டலைத் தூண்டும் இடத்திலிருக்கும் ஏற்பியில் போய் உட்காருகிறது. 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், அமெரிக்காவின் மார்லேனா ஃபேஸோவும் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலியும் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார்கள். ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்பது பாதிக் கதைதான். கர்ப்பத்துக்கு முன்பு அந்தப் பெண்ணின் உடம்பு அதற்கு எவ்வளவு பழகியிருந்தது என்பதே மீதிப் பாதி. முன்பே அளவு குறைவாக இருந்தவர்களுக்குத் திடீர் ஏற்றம் தாங்காது, வாந்தி கடுமையாகும். பீட்டா தலசீமியா உள்ள பெண்களுக்கு வாழ்நாள் முழுக்க இந்த ஹார்மோன் அதிகம். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவு. ஃபேஸோவுக்கு இந்தக் கேள்வி படிப்பிலிருந்து வந்ததல்ல. 1999இல் தன் கர்ப்பத்தில் தண்ணீர்கூடத் தங்காத அளவு வாந்தியால் படுத்த படுக்கையாகி, பிள்ளையை இழந்தவர் அவர்.

ஹார்மோனை அனுப்புவது பெரும்பாலும் பிள்ளையின் தரப்பு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அத்தையின் பெருங்காயத்தைப் பரணில் ஏற்றச் சொன்னது நான் இல்லை, அவர் பேரப்பிள்ளை. இதை அவரிடம் போனில் சொன்னேன். “அப்ப சரி, அதுகிட்டயே பேசிக்கறேன்” என்றார்.

பேசுவது இப்போது கேட்கவும் செய்யும். காது எப்போது திறக்கிறது என்பதைப் பெல்ஃபாஸ்ட்டின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹெப்பர் 1994இல் அளந்தார். தாயின் வயிற்றில் ஒலிபெருக்கியை வைத்து, ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கவிட்டு, பிள்ளை அசைகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பதுதான் முறை. 500 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலிக்கு முதல் அசைவு 19ஆவது வாரத்தில் தெரிந்தது. 27ஆவது வாரத்தில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் தாழ்ந்த ஒலிகளுக்கு அசைந்தன; 1000, 3000 ஹெர்ட்ஸ் ஒலிகளுக்கு ஒன்றுகூட அசையவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அசைய 1000க்கு 33ஆம் வாரமும் 3000க்கு 35ஆம் வாரமும் ஆகவேண்டியிருந்தது.

கண்ணாடி வளையல் கிலுகிலுப்பதை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அது உயர்ந்த சுருதி. போதாக்குறைக்கு, தாயின் சதையும் நீரும் தாழ்ந்த ஒலிகளை அப்படியே விட்டுவிட்டு, உயர்ந்தவற்றைத்தான் பெரிதும் தடுக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் டிவியில் வசனம் புரியாமல் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வருவது போல. ஆகவே வளையலோசை கேட்டுப் பிள்ளை மகிழ்கிறது என்று சொல்லப்படும் விளக்கம், வளைகாப்பு நடக்கும் அந்த ஏழாம் மாத மேடையில் பொருந்தாது. அன்று அதற்கு அந்த ஓசை எட்டியிருக்காது. ஆனால் வழக்கத்தின் மற்ற பாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அந்த வளையல்களைப் பிரசவம் வரை கழற்றுவதில்லை, பிரசவ அறையில்தான் நர்ஸம்மா கழற்றி வைத்துக்கொள்வார். எட்டு, ஒன்பதாம் மாதங்களில் காது அந்தச் சுருதிக்கும் தயாராகிவிடுகிறது. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கினால் கொஞ்சமாவது போய்ச்சேர வாய்ப்பு உண்டு.

வீட்டில் உண்மையில் அதன் காதுக்குச் சுலபமாகப் போவது வெட் கிரைண்டர். மோட்டாரின் தாழ்ந்த உறுமலைத் தடுக்கச் சதைக்குத் தெம்பு போதாது. குக்கர் விசில் வெளியே எவ்வளவு அலறினாலும் உள்ளே மங்கல்தான். இந்த வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாவாட்டுகிறார்கள். முதல் தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வயிறு துள்ளியது. இப்போதெல்லாம் அசைவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கும் ஒலியை விட்டுத்தள்ளப் பிள்ளை வயிற்றிலேயே கற்றுக்கொள்கிறது. ஜப்பானின் ஒசாகா விமான நிலையத்தைச் சுற்றி 1970களில் நடந்த ஆய்வில் இது பெரிய அளவில் தெரிந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே அங்கே குடியிருந்த தாய்மாரின் குழந்தைகள், தலைக்கு மேல் விமானம் போனாலும் தூங்கின. கர்ப்பத்தின் பிற்பகுதியிலோ பிரசவத்துக்குப் பிறகோ குடிவந்தவர்களின் குழந்தைகள் விழித்து அழுதன.

எல்லா ஒலியிலும் முந்தி நிற்பது தாயின் குரல். அது காற்று வழியாக மட்டும் வருவதில்லை. அவள் எலும்பு, சதை வழியாகவே இறங்குகிறது. அந்தோணி டி-காஸ்பர், வில்லியம் ஃபைஃபர் இருவரும் 1980இல், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தன் தாயின் குரல் ஒலிக்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் வரும்படிச் சப்பக் கற்றுக்கொண்டன. தாய்மொழியின் ராகமும் இப்படியே ஏறுகிறது போலும். 2009இல் ஜெர்மனியின் காத்லீன் வெர்ம்கேயும் உடன் ஆய்ந்தவர்களும் 60 பச்சிளங்குழந்தைகளின் அழுகையைப் பதிவுசெய்து பார்த்தபோது, பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளுடையது மேலிருந்து இறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கமும் அப்படித்தான். திருநெல்வேலிக் குழந்தை இழுத்து அழுமா என்று யாரும் இதுவரை அளக்கவில்லை. அளந்தால் எனக்கு ஒரு ஊகம் உண்டு.

அப்பாக்களின் பாடுதான் கஷ்டம். டி-காஸ்பர் 1984இல் அதே காம்புச் சோதனையைத் தகப்பன் குரலை வைத்துச் செய்தார். குழந்தைகளுக்கு அப்பாவின் குரலும் வேறு ஆணின் குரலும் பிரித்தறியத் தெரிந்தது. ஆனால் அப்பாவின் குரல்தான் வேண்டும் என்று அவை காட்டிக்கொள்ளவில்லை. நம் வழக்கத்தில் அப்பா திருச்சியில், பிள்ளை திருநெல்வேலியில். என் கணவர் ராத்திரி வீடியோ கால் போட்டு, ஸ்பீக்கரை வயிற்றில் வைக்கச் சொல்லிப் பேசுகிறார். செல்போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் அடியோடு போய்விடும். உள்ளே நன்றாகப் போகக்கூடியவையே அவைதான். நேரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பலன் அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்.

அவர் வருவதற்குள் எனக்கு இங்கே அறிவுரை நிரம்பிவிடுகிறது. சிலவற்றுக்கு அதிக நேரம் கொடுக்கத் தேவையில்லை. குங்குமப்பூ பாலுக்கு நிறம் கொடுக்கும், பிள்ளைக்குக் கொடுக்காது. தோல் நிறம் பெற்றோரின் மரபணுக்கள் தீர்மானிப்பது. கிராம் கணக்கில் விற்கிற அதன் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. பப்பாளியில் பழுத்ததையும் காயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் எலிகளை வைத்து 2002இல் செய்த ஆய்வில் பழுத்த பழம் எதுவும் செய்யவில்லை. காயின் பால்தான் கருப்பைத் தசையைச் சுருங்கவைத்தது. காயைத் தள்ளிவைப்பது நியாயமே.

படுப்பது பற்றிய அறிவுரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ராத்திரி நான் புரண்டால் போதும், பக்கத்துக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “ஏட்டி, புரளாத. எந்திரிச்சு உக்காந்து திரும்பிப் படு. கொடி சுத்திக்கிடும்.” தொப்புள்கொடி கழுத்தில் சுற்றுவது நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் காணப்படுவது, பிள்ளை தானே உருண்டு புரள்வதால் வருவது, பெரும்பாலும் தீங்கில்லாமல் போவது. அம்மா புரள்வதால் அது சுற்றாது. ஆனால் அவள் சொல்லும் முறை வீணில்லை. கர்ப்ப ஹார்மோன்களால் இடுப்பெலும்பின் மூட்டுகள் தளர்ந்திருக்கின்றன. படுத்தபடியே ஒரு காலை வீசிப் புரண்டால் முன்பக்க மூட்டில் சுரீரென்று பிடிக்கும். இரண்டு முட்டியையும் சேர்த்துவைத்து மெதுவாகத் திரும்பும்படி பிசியோதெரபிஸ்டுகளும் சொல்கிறார்கள். காரணம் தப்பு, காரியம் சரி.

மல்லாந்து படுக்காதே என்று அவள் சொல்வதற்கோ காரணமும் சரிதான். கனத்த கருப்பை முதுகெலும்போடு ஒட்டி ஓடும் பெரிய சிரைக்குழாயை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2019இல் வெளியான ஆய்வில், 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப்போனவர்களுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. இடது பக்கம்தான் என்று அடம்பிடிக்க வேண்டாம். வலது பக்கமும் அதே அளவு பாதுகாப்பு என்று அதே ஆய்வு சொல்கிறது. நடு ராத்திரியில் மல்லாந்து கிடந்து விழித்துக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை, திரும்பிப் படுத்தால் போதும்.

காபி விஷயத்தில் நான்தான் அம்மாவுக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. அம்மா சாப்பாடு முடிந்த கையோடு மாத்திரையையும் டம்ளர் காபியையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைப்பாள். காபியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் ஏறவிடாது. 1983இல் வந்த ஒரு சோதனையில் உணவோடு குடித்த காபி, உணவிலுள்ள இரும்பு ஏறுவதை 39 சதவீதமும் தேநீர் 64 சதவீதமும் குறைத்தன. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தாலும் அதே நஷ்டம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிட்டால் நஷ்டமில்லை. இப்போது காபி முன்னால் வருகிறது, மாத்திரை எலுமிச்சைச் சாற்றோடு போகிறது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கு வேறு நேரம். அதுவும் இரும்பும் ஒத்துப்போகாது.

வெந்நீருக்கு மட்டும் இங்கே இன்னும் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு எரிகிறது. புகை வரும் பக்கம் என்னை விடுவதில்லை. இதில் அறிவியலே தடுமாறியிருக்கிறது என்பதால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சுமார் 1,300 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ராமச்சந்திரா பல்கலைக்கழகக் குழு, காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் எடை சுமார் 4 கிராம் குறைகிறது என்று 2018இல் எழுதியது. அப்படியானால் விறகை நிறுத்தி காஸ் கொடுத்தால் எடை கூட வேண்டுமே? தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலுமாக 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு இலவச காஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் 70லிருந்து 24 மைக்ரோகிராமாக, மூன்றில் ஒரு பங்காக, விழுந்தது. 2022இல் முடிவு வந்தபோது இரு தரப்புக் குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. காஸ் வருவதற்குள் கர்ப்பத்தின் முதல் சில மாதங்கள் போய்விட்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். தாயின் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் புகை கெடுதி என்பதில் மாற்றமில்லை, ஆகவே நான் கொல்லைப்புறம் போவதில்லை. பிள்ளையின் எடையை மட்டும் காரணம் காட்டி அம்மாவிடம் வாதாட என்னிடம் சரக்கு இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வீடு பிள்ளைக்குள் போவது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தேடுவதைப் பார்த்து “கர்ப்ப மறதி” என்று சிரிக்கிறார்கள். மறதி எவ்வளவு உண்மை என்பதில் ஆய்வுகள் முன்னுக்குப்பின் இருக்கின்றன. மூளை மாறுவதில் சந்தேகமில்லை. பார்சிலோனாவில் எல்செலீன் ஹுக்ஸெமா குழுவினர் முதல் முறை தாயானவர்களைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, சாம்பல் நிறப் பகுதியின் அளவு குறைந்திருந்ததை 2016இல் காட்டினார்கள். குறிப்பாக, பிறர் மனதைப் படிக்க உதவும் இடங்களில். இரண்டு ஆண்டு கழித்தும் அது பெரும்பாலும் அப்படியே இருந்தது. எந்த அளவுக்கு மாறியிருந்ததோ அந்த அளவுக்குத் தாய்–சேய்ப் பிணைப்பும் கூடுதலாக இருந்ததால், இதைத் தேய்மானமாகப் பார்க்காமல் சீரமைப்பாகவே பார்க்கிறார்கள். கலிஃபோர்னியாவின் எலிசபெத் க்ராஸ்டில் என்ற நரம்பியலாளர் ஒருபடி மேலே போய்த் தன் மூளையையே கொடுத்தார். கருத்தரிக்கும் முன்பிருந்து பிரசவமாகி இரண்டு ஆண்டு வரை 26 ஸ்கேன். 2024இல் வெளிவந்த அந்த வரைபடத்தில், வாரத்துக்கு வாரம் மூளை மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. அப்பாக்களும் தப்புவதில்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வந்த ஆய்வின்படி, தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாக இறங்கியது. பிள்ளையைக் கவனிக்க அதிக நேரம் கொடுத்தவர்களுக்கு இன்னும் கீழே.

இவையெல்லாவற்றையும்விட அம்மாவை வாய்பிளக்கவைத்தது வேறொன்று. கர்ப்பத்தில் பிள்ளையின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் ரத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. பிரசவத்தோடு எல்லாம் வெளியேறிவிடுவதும் இல்லை. பாஸ்டனில் டயானா பியாங்கி 1996இல், ஆண்பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் உள்ள செல்களைத் தேடினார். பெண் உடம்பில் அது சொந்தமாக இருக்க வழியில்லை என்பதால் அடையாளம் காண்பது சுலபம். ஒரு பெண்ணிடம் அவை கிடைத்தபோது, அவள் கடைசியாக ஆண்பிள்ளை பெற்று 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு தைராய்டு, தோல், கல்லீரல் என்று பல இடங்களிலும் இப்படிக் குடியேறிய செல்களைப் பார்த்திருக்கிறார்கள். அவை அங்கே பழுதைச் சரிசெய்கின்றனவா, தொந்தரவு செய்கின்றனவா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. தாயின் செல்களும் பிள்ளைக்குள் போய்த் தங்குகின்றன.

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி மாசத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டாலே அதிசயம். “அவன் செல்லு கொஞ்சம் இன்னும் உன் உடம்புக்குள்ள இருக்கலாம்மா” என்றேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“இருக்கட்டும். வாடகையாவது மாசாமாசம் ஒழுங்கா அனுப்பச் சொல்லு” என்றாள்.